ஐந்தரை மணி இருட்டு

போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில் மீரான் பாயின் செருப்புக் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து அவர் மகள் பஸீலா என்ன வேலை செய்கிறாள் என்று கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்காரருக்கு அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவள். எதிர் வரிசை மிட்டாய்க் கடைக்காரருக்கு அவள் ஆன்லைனில் எதையோ விற்கிறவள். அவளுடைய உம்மா ரஷீதாவே, கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால், "மல்டிமீடியா" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு பிரியாணி வைத்திருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவார்.

நான் ஒழுங்காகச் சொல்கிறேன். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனில் முன்னால் பூனையும் எலியும் துரத்திக்கொண்டு ஓடும். பின்னால் ஒரு தெரு இருக்கும், ஒரு மதில் இருக்கும், மேலே வானம் இருக்கும். அந்தத் தெருவையும் மதிலையும் வானத்தையும் வரைகிறவள் பஸீலா. வரைந்ததோடு விடுவதில்லை. அதில் மழை பெய்ய வைப்பாள், மேகத்தை நகர்த்துவாள், மரத்தை ஆட வைப்பாள், எல்லாவற்றுக்கும் ஓசை சேர்ப்பாள். கடலுக்கடியில் கேபிள் வந்து தீவுகளுக்கு இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைத்த பிறகு, செருப்புக் கடை மாடியிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு இதையெல்லாம் செய்து அனுப்புகிறாள். யாரும் பூனையை விட்டுவிட்டு மதிலைப் பார்ப்பதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. எனக்குத்தான் வருத்தம்.

நான் சங்கவி. இதே ஊரில் ஜங்கிலிகாட்டில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் கணவர் ஹரிஹரன் கேமராவைப் பிடிப்பார். மற்ற எல்லாவற்றையும் நான் பிடித்துக்கொள்வேன், அவரையும் சேர்த்து. பஸீலா முதன்முதலில் வேலைக்கு வந்தது என்னிடம்தான். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் வரைய ஆரம்பித்தது செருப்புப் பெட்டியில். புதுச் செருப்பு வரும் அட்டைப் பெட்டியைப் பிரித்தால் உள்பக்கம் வெறுமையாக இருக்குமல்லவா, அதுதான் அவளுக்குத் தாள். மீரான் பாய் வாடிக்கையாளருக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தேடினால் அதற்குள் சாத்தம் படகுத்துறை இருக்கும், எதிர்க்கரை பம்பூ ஃப்ளாட்டுக்குப் போகிற படகு இருக்கும், மரமில்லின் தகரக் கூரை இருக்கும். "செருப்ப எதுல வச்சுக் குடுக்க?" என்று அவர் கத்துவார். கத்திவிட்டுப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பார். ஒரு பெட்டியையும் அவர் தூக்கி எறிந்ததில்லை.

அந்த வயதிலேயே அவள் ஆட்களை வரைய மாட்டாள். ஆள் நிற்கிற இடத்தைத்தான் வரைவாள். டி.வி.யில் கார்ட்டூன் ஓடும்போது மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், இவள் மட்டும் பின்னால் இருக்கிற வீட்டின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இதைப் படிக்க வேண்டும் என்றாள். இதற்குத் தீவில் அப்போது கல்லூரி கிடையாது. மெயின்லேண்டுக்கு அனுப்ப மீரான் பாய்க்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல், பார்க்கலாம் பார்க்கலாம் என்றே வருடத்தை ஓட்டினார். அவள் பஜாரில் ஒரு சென்டரில் டி.டி.பி. கற்றுக்கொண்டு, கல்யாண ஆல்பம் செய்ய என்னிடம் வந்து சேர்ந்தாள்.

ஆல்பம் வேலை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மாப்பிள்ளையின் தொப்பையைக் கொஞ்சம் குறைப்பது, மழையில் எடுத்த படத்தில் வெயில் அடிக்க வைப்பது, இவ்வளவுதானே. மீதி நேரமெல்லாம் என் டிஜிட்டல் பேனாவை வைத்துக்கொண்டு வரைவாள். யூடியூபில் ஒரு பாடத்தைப் போட்டுவிட்டு, அப்போதைய ஆமை வேக இன்டர்நெட்டில் அது சுற்றிச் சுற்றி வருவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்து, இரண்டு நிமிடம் பார்த்து, மறுபடி அது சுற்றும்போது பார்த்ததைச் செய்து பார்ப்பாள். அப்படித் துண்டு துண்டாகவே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் என் கணவர் இன்னும் நிம்மதியாக இருந்திருப்பார்.

சென்னை வடபழனியில் ஒரு அனிமேஷன் கம்பெனி பின்னணி ஓவியர் தேடுகிறது என்று அவள்தான் எங்கேயோ பார்த்தாள். விண்ணப்பித்தவர்களுக்கு ஆறு காட்சிகள் அனுப்பினார்கள், வரைந்து காட்ட வேண்டும். காலை ஐந்து மணி, பால்காரர் வரும் தெரு. மாலை ஐந்தரை, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் பள்ளி மைதானம். இந்த மாதிரி ஆறு. அவள் சோறு தண்ணி மறந்து வரைந்தாள். நான் பார்த்தேன், ஹரிஹரன் பார்த்தார், மீரான் பாயும் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தார். அந்த மைதானத்தை என்னால் மறக்க முடியாது. கருநீல வானம், அதில் இரண்டு நட்சத்திரம், வேலிக்கு அப்பால் வீடுகளில் டியூப்லைட் எரிகிறது. இருட்டில் பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்று அவளே யோசித்து, மைதானத்து ஓரத்தில் ஒரு கம்பத்தை நட்டு, அதில் பெரிய விளக்கும் போட்டிருந்தாள். மீரான் பாய் வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த விளக்குக்குக் கீழே பூச்சி பறப்பதுகூடத் தெரிகிறது என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அனுப்புவதில்தான் சிக்கல். அன்றைய இன்டர்நெட்டில் ஒரு படம்கூடப் போகாது. தீவில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பென் டிரைவில் போட்டு, காலையில் ஏர்போர்ட்டுக்குப் போய், சென்னை விமான வரிசையில் தெரிந்த முகம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தோம். தேவேந்திரன் என்ற கான்ட்ராக்டர் நின்றார். அவர் கையில் கொடுத்து, போனில் வழி சொல்லி, வடபழனியில் சேர்த்தோம்.

பதில் மெயிலில் வந்தது, இரண்டே வரி. ஒளியைக் கவனிக்கும் பழக்கம் இல்லை, பின்னணி ஓவியத்துக்கு முதல் தகுதி அதுதான், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒளியைக் கவனிக்கத் தெரியாதாம், இவளுக்கு. போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றேன். பஸீலா வேண்டாம் என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பெரிய கம்பெனி, விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், தன் கைக்கு இது வராது போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, டிஜிட்டல் பேனாவைத் துடைத்து உறையில் போட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் ஒரு கோடு போடவில்லை. வீடியோ வெட்டினாள், பாட்டுச் சேர்த்தாள், மணமக்கள் பெயர் பூவாக மலர்ந்து வருகிற மாதிரி டைட்டில் செய்தாள். எதைக் கொடுத்தாலும் செய்தாள். வரையச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

மீரான் பாய்க்கு இது சௌகரியமாகப் போயிற்று என்று சொன்னால் அநியாயம். அவருக்கும் மனசு கஷ்டம்தான். ஆனால் மகளுக்கு ஒரு வழி செய்ய வேண்டுமே என்று பம்பூ ஃப்ளாட்டில் இரண்டாவது கடை பிடித்தார். நோன்புப் பெருநாளைக்குத் திறப்பது, பஸீலா கல்லாவில் உட்காருவது என்று முடிவாயிற்று. அவளும் சரி என்று தலையாட்டினாள். என்னிடம் வந்து வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொன்னபோது, செருப்பு விற்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் நீ செருப்பு விற்கப் பிறந்தவள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். எல்லோரும் ஏதாவது விற்றுத்தானே அக்கா சாப்பிடுகிறோம் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு கடைக்கும் பெருநாள் சரக்கு எடுக்க மீரான் பாய் சென்னை கிளம்பினார். கொள்முதல் பழகட்டும் என்று முதல் தடவையாக மகளையும் கூட்டிக்கொண்டார். வருடத்துக்கு இரண்டு முறை அவர் போவார், எப்போதும் தனியாகத்தான். பஸீலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழக்கரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததோடு சரி, பிறகு மெயின்லேண்டை மிதித்ததில்லை. அது நோன்பு மாதம். போர்ட் பிளேரில் விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டு நோன்பு வைத்துக்கொண்டே இருவரும் காலை விமானத்தில் ஏறினார்கள். பயணத்தில் நோன்பை விட்டுப் பிறகு வைக்கலாம் என்று உம்மா சொல்லியும் அவள் கேட்கவில்லை.

இனிமேல் சொல்வதெல்லாம் பஸீலா என்னிடம் பலமுறை சொன்னது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்வாள், அதனால் நம்பலாம்.

மண்ணடியில் அவளுடைய மாமி வீடு, அதாவது மீரான் பாயின் தங்கை வீடு. புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில்தான் நோன்பு திறப்பார்கள். மீரான் பாய் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். ஐந்தரை ஆனதும் பஸீலா முகம் கை கால் கழுவி, மாடிக்குப் போய்ப் பாயை விரித்து, பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொல்லியிருப்பார்கள், பாதி ஊர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும். இங்கே பாங்கும் இல்லை, மாமியும் இல்லை. கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். மாமி அடுப்பில் வடையைப் போட்டுவிட்டு மேலே வந்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கே புள்ள. அதுக்குள்ளயா ஒக்காந்துட்ட?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெயில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. கீழே சந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளக்கு எதுவும் எரியவில்லை, எரிய வேண்டிய தேவையும் இல்லை. பந்து உருண்ட இடமெல்லாம் அதன் நிழலும் நீளமாக உருண்டது.

மெயின்லேண்டில் பொழுது லேட்டாகச் சாயும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் கிழக்கே தள்ளிக் கிடக்கிறோம், சூரியன் எங்களுக்கு முன்கூட்டியே வந்து முன்கூட்டியே போய்விடுகிறது. தெரிந்து என்ன செய்ய? ஐந்தரை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவள் கை எங்கள் ஐந்தரையைப் போட்டுவிட்டது. பார்த்த எங்கள் கண்ணுக்கும் அதுதான் ஐந்தரை. காலை ஐந்து மணித் தெருவில் நன்றாக விடிய வைத்து, வாசல் ஒவ்வொன்றும் தெரியும்படி வரைந்திருந்தாளே, சென்னையில் அந்த நேரத்தில் பால்காரரின் முகமே தெரியாது. வடபழனிக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? சாயங்காலத்துக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெண் என்றுதான்.

மாமி கீழே போய்விட்டார். பஸீலா எழுந்திருக்கவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து வெயில் இறங்கி, சுவரில் இறங்கி, சந்துக்குள் ஆரஞ்சாகிச் சாம்பலாகும்வரை முழுசாகப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரம் மாதிரி தன் வாழ்நாளில் எதையும் பார்த்ததில்லை என்பாள்.

மறுநாள் காலை பெரியமேட்டுக்குச் சரக்கு எடுக்க ஆட்டோவில் ஏறியதும், வடபழனி போகணும் வாப்பா என்றாள். காரணத்தையும் சொன்னாள். மீரான் பாய்க்குப் பாதிதான் புரிந்தது. முதலில் சரக்கு, அது முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் "பார்க்கலாம்" என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். "இல்ல வாப்பா, இப்பவே" என்றாள். அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. அவர் ஆட்டோக்காரரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அந்தக் கம்பெனியில் பின்னணி ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சிவஞானம் என்பவர். அந்த இரண்டு வரியை எழுதியவரும் அவர்தான். நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை, கொஞ்சம்தான் இருக்கிறது. அவருக்கு இவளை நினைவில்லை. பழைய ஃபோல்டரைத் தேடித் திறந்து அந்த ஆறு படங்களையும் வைத்துக்கொண்டு, இவள் சொன்னதைக் கேட்டார். போனை எடுத்து போர்ட் பிளேரில் இன்றைக்கு எத்தனை மணிக்கு சூரியன் மறைகிறது என்று பார்த்தார். சிரித்தார். கேலியாக இல்லை, ஆச்சரியமாக.

"உங்க ஊருக்கு இது சரிம்மா. ஆனா கதை நடக்கறது இங்கதானே? இந்த ஊரு அஞ்சரைய உங்களால போட முடியுமா?"

முடியும் என்று அவள் சொல்லவில்லை. எங்கே உட்காரட்டும் என்று கேட்டாள்.

மகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு மீரான் பாய் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியமேட்டில் அவருக்காக நான்கு வியாபாரிகள் காத்திருந்தார்கள். உள்ளே பஸீலா பேனாவைக் கையில் எடுத்தாள். வரைந்து ஒரு வருடமாயிற்று, போதாக்குறைக்கு நோன்பு. முதல் கோட்டை மூன்று தடவை அழித்தாள். மைதானம் வரவில்லை. அப்புறம் மைதானத்தை விட்டுவிட்டு வெயிலை முதலில் போட்டாள். தொட்டிமேல் அடித்த மஞ்சள், சுவரில் இறங்கிய ஆரஞ்சு. வெயில் வந்த பிறகு அது விழுவதற்கு மைதானம் தானாக வந்தது.

சிவஞானம் வந்து பின்னால் நின்று பார்த்தார். பிறகு, இந்த வெயில் ஏன் போகவே மனசில்லாத மாதிரி நிற்கிறது என்று கேட்டார்.

"நேத்து அது போறதுக்காகத்தான் சார் ஒரு மணி நேரம் காத்துக் கெடந்தேன்" என்றாள் பஸீலா.

அவர் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். ஆறு மாதம் இங்கேயே உட்கார்ந்து வேலை பழக வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பஸீலாவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பெருநாளைக்கு பம்பூ ஃப்ளாட் கடை திறக்க வேண்டும், கல்லாவில் அவள் இருக்க வேண்டும். வாப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அவர் ஏற்கெனவே கதவருகில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று சைகையில் கேட்டார். சிவஞானம் எழுந்து நாற்காலி கொடுத்தார். அவர் உட்காரவில்லை. திரையில் பழைய மைதானமும் புது மைதானமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நட்சத்திரமும் டியூப்லைட்டும் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத நான் அன்னைக்கே பாத்தேன்" என்றார். "வருசத்துக்கு ரெண்டு தடவ இங்க வந்து போறவன் நான். எனக்குக்கூட வெளங்கல."

திரையில் அந்த இரண்டு நட்சத்திரத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஒரு தடவையாச்சும் ஒன்னயக் கூட்டியாந்து காட்டிருந்தா சரியா வரைஞ்சிருப்ப. ஒன் கையில கோளாறு இல்ல புள்ள. ஒன்னய அங்கனயே வச்சிருந்தது நானு."

ஒரு வருடமாக அழாதவள் அங்கே, முன்பின் தெரியாதவர்கள் பத்துப் பேருக்கு நடுவில், தேம்பித் தேம்பி அழுதாள். எதைச் சொல்லும்போதும் சிரிக்கிறவள், இந்த இடத்தை மட்டும் இன்றைக்கும் சிரிக்காமல்தான் சொல்வாள். கேட்கிற நானும் சிரிப்பதில்லை.

மீரான் பாய் மகள் முகத்தைப் பார்க்காமல் சிவஞானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கடையில் சரக்கு விசாரிக்கிற அதே குரலில், ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும், மண்ணடிக்கு நேர் பஸ் உண்டா, பெண்பிள்ளைகள் தொழுவதற்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடம் ஒதுக்கித் தருகிறேன் என்று சிவஞானம் சொன்னதும் தலையாட்டினார்.

பிறகு அவளை மண்ணடியில் மாமி வீட்டில் விட்டுவிட்டு, பெரியமேட்டுக்கு அவர் மட்டும் போனார். ஒரு கடைக்கு வேண்டிய செருப்புதான் எடுத்தார்.